விமானத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை: மூளை ஏன் அடுத்ததைத் தேடுகிறது?

நடக்கப் பழகிவிட்ட குழந்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை காலடி வைக்கும் என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 காலடி வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். தூரக் கணக்கில் அது சுமார் 700 மீட்டர். இந்த வயதில் நடைதான் குழந்தையின் முழுநேர வேலை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைத்தான் சென்னையிலிருந்து லண்டன் வரை 10 மணி நேரத்துக்கு மேல் மடியில் உட்கார வைக்கிறோம். இரண்டு வயது ஆகாவிட்டால் பெரும்பாலும் தனி சீட்கூட இருக்காது.

அது நெளிவதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பெல்ட் விளக்கு அணைந்ததும் கையைப் பிடித்து நடைபாதையில் நடக்க விடுவதுதான் முதல் வைத்தியம். அழ ஆரம்பித்த பிறகு அல்ல, அதற்கு முன்பே.

சரி, உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு என்ன செய்வது? பை நிறையப் பொம்மை எடுத்துப் போவதுதான் வழக்கம். ஒவ்வொன்றையும் குழந்தை ஆசையாக வாங்கும், திருப்பிப் பார்க்கும், தட்டும், வாயில் வைக்கும், சில நிமிடங்களில் கீழே போட்டுவிடும். இதற்கான காரணத்தை 1964இல் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர் செய்த எளிய சோதனையில் பார்க்கலாம். குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு படங்கள் காட்டினார். ஒன்று ஒவ்வொரு முறையும் அதே படம். மற்றது மாறிக்கொண்டே இருந்தது. 2 மாதம் தாண்டிய குழந்தைகளின் பார்வை மெல்ல மெல்லப் புதுப் படத்தின் பக்கம் சாய்ந்தது. பார்த்த படம் பழகிப்போய்விட்டது.

பழகிப்போவது என்றால் மூளைக்குள் நடப்பது இதுதான். புதிதாக ஒன்று வந்ததும் மூளை அதற்கு ஒரு மாதிரிப் படம் வரைந்துகொள்கிறது. அடுத்தடுத்து வருவது அந்தப் படத்தோடு பொருந்தினால், கவனத்தை அங்கிருந்து விலக்கிக்கொள்கிறது. பொருந்தாவிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிறது. கவனம் சிதறுவதாக நமக்குத் தெரிவது, கற்று முடித்ததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் வேகம்தான்.

அப்படியென்றால் புதிது புதிதாக அள்ளிக் கொட்டினால் போதுமா? போதாது. உளவியலாளர் செலஸ்ட் கிட் குழுவினர் 2012இல் 7, 8 மாதக் குழந்தைகளிடம் பார்த்தது இது: காட்சி மிக எளிதாக இருந்தாலும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள், கணிக்கவே முடியாதபடி இருந்தாலும் திருப்பிக்கொண்டார்கள். பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருப்பதுதான் அவர்களைப் பிடித்து வைத்தது. 2018இல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 18 முதல் 30 மாதக் குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும், இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோதுதான் ஒவ்வொன்றிலும் அதிக நேரம் நின்றார்கள், அதை வைத்து வகைவகையாக விளையாடினார்கள்.

ஆகவே நான்கைந்து பொருட்கள் போதும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே இருக்க வேண்டும். சலித்ததும் பைக்குள் போகட்டும். மூன்று மணி நேரம் கழித்து அதையே எடுங்கள். பழகிப்போன பொருளும் இடைவெளிக்குப் பிறகு ஓரளவு புதிதாகிவிடும். மூளையின் இந்தக் குணம் பெற்றோருக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன்.

இன்னும் நல்லது, ஒரே பொருள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாக நடந்துகொள்வது. மூடியுள்ள சின்ன எவர்சில்வர் டப்பாவையும் ஒரு கரண்டியையும் நினைத்துப் பாருங்கள். திறக்கலாம், மூடலாம், உள்ளே போட்டு ஆட்டலாம், காணோம் என்று தேடலாம். முன்சீட்டின் முதுகில் டேப் துண்டுகளை ஒட்டிக் கொடுத்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உரிக்கும் வேலை கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டும் வேறு மாதிரி கிழியும். ஸ்டிக்கர் பொட்டு அட்டையும் இதற்கு அருமையானது, ஆனால் எதையும் வாயில் போடுகிற பிள்ளை என்றால் வேண்டாம்.

அடுத்தது, எதிர்பார்ப்பு பொய்க்கும் தருணம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எமி ஸ்டாலும் லிசா ஃபைகன்சனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 11 மாதக் குழந்தைகளுக்கு முன்னால் ஒரு பொம்மைக் கார் சுவரை ஊடுருவிப் போவதுபோல் காட்டினார்கள். அந்தக் காரைக் கையில் கொடுத்ததும் குழந்தைகள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கார் அந்தரத்தில் நிற்பதுபோல் பார்த்த குழந்தைகளோ அதைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். பார்த்த அதிசயம் எதுவோ, அதற்கேற்ற பரிசோதனை! துப்பட்டாவுக்குள் முகத்தை மறைத்து "அம்மா எங்க? இதோ!" என்று காட்டும் விளையாட்டு சலிக்காததற்கும் இந்தத் துறுதுறுப்பே காரணம். முகம் வரும் என்று தெரியும், எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் பக்கத்தையும் மாற்றுங்கள்.

செல்போன் பற்றி: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்ன வழிகாட்டுதல். ஒரு நீண்ட பயணத்தில் கொஞ்சம் பார்த்துவிட்டால் குடி முழுகிப் போகாது. ஆனால் திரை குழந்தைக்குப் பதில் பேசாது. குழந்தை சிரித்தால் திரும்பச் சிரிக்கும், கைகாட்டினால் அங்கே பார்க்கும் ஆள்தான் அந்த விமானத்திலேயே சிறந்த விளையாட்டுப் பொருள். அந்த ஆள் களைத்துப்போவார் என்பதால், இரண்டு பெரியவர்கள் போனால் முறைவைத்துத் தூங்குவது நல்லது.

எந்த விளையாட்டும் உதவாத நேரம் ஒன்று உண்டு: விமானம் இறங்கும்போது. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டியில் இருக்கும் அளவுதான். இறங்க இறங்க அது கூடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் திறந்தால்தான் செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும். ஏறும்போது உள்ளிருக்கும் காற்று தானே வழி கண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது குழாய் அமுங்கிக்கொள்ளும்; விழுங்கும்போதுதான் திறக்கும். குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் குறுகலாகவும், கிட்டத்தட்ட படுக்கைவாட்டிலும் இருப்பதால் வலி அதிகம். ஆகவே தாய்ப்பால், ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டில் என்று எதையாவது உறிஞ்சக் கொடுங்கள். சக்கரம் தரையைத் தொடும்போது அல்ல, தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். குழந்தை அப்போது தூங்கிக்கொண்டிருந்தால், மனம் வராவிட்டாலும் எழுப்பிவிடுங்கள்.