மச்சானும் சட்டப்படி வேலையாள்தான்: பிரிட்டனில் கடை நடத்துவோருக்கான பொறுப்புக் காப்புறுதி

பிரிட்டனில் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் இருக்கிறது என்பார்கள். எதற்கு என்று கேட்டால் தீ, களவு, உடைந்த கண்ணாடி என்று சொல்வார்கள். அது உங்கள் சொத்துக்கான காப்புறுதி. உங்கள் கடையாலோ நீங்கள் விற்ற சாமானாலோ இன்னொருவருக்குக் காயமோ நட்டமோ வந்து, அவர் நட்டஈடு கேட்டால் காசு கொடுப்பதுதான் பொறுப்புக் காப்புறுதி, அதாவது லயபிலிட்டி இன்சூரன்ஸ். காயப்பட்டவர் உங்களிடம் வேலை செய்பவரா, கடைக்கு வந்தவரா, வாங்கிய சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டவரா என்பதை வைத்து அது மூன்றாகப் பிரியும்.

இவற்றில் சட்டம் கட்டாயம் எடுக்கச் சொல்வது முதலாவதை மட்டும்தான். அதைத்தான் குடும்பக் கடைகளில் பலர் தங்களுக்குத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும் அந்தச் சட்டம் 1969இல் நிறைவேறி, 1972 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரையாவது வேலைக்கு வைத்திருந்தால் குறைந்தது 50 லட்சம் பவுணுக்கு எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி, அதாவது வேலையாட்களுக்கான பொறுப்புக் காப்புறுதி இருக்க வேண்டும். அதுவும் அனுமதி பெற்ற கம்பனியிடம் எடுத்ததாக இருக்க வேண்டும். கம்பனிக்கு அனுமதி உண்டா என்று, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. அமைப்பின் பதிவேட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். காப்புறுதி இல்லாமல் கடை நடந்தால் நாளொன்றுக்கு 2,500 பவுண் வரை தண்டம். சான்றிதழை வேலையாட்கள் பார்க்கும்படி வைக்காவிட்டால், அல்லது பரிசோதகர் கேட்டும் காட்டாவிட்டால் 1,000 பவுண் வரை. 2008 ஒக்டோபரிலிருந்து அதைச் சுவரில் மாட்டத்தான் வேண்டும் என்றில்லை. வேலையாட்கள் திறந்து பார்க்கக்கூடிய கணினியில் இருந்தாலும் போதும்.

இதில் குடும்பத்துக்கு ஒரு விலக்கு உண்டு. நம்மவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் குடும்பம் என்றால் யார் யார் என்று சட்டம் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறது: கணவன் மனைவி (பதிவு செய்த சிவில் துணையும்), தாய் தகப்பன், பேரன் பேத்தி, தாத்தா பாட்டி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், மாற்றாந்தாய் மாற்றாந்தகப்பன் வழி உறவுகள். அவ்வளவுதான். மச்சான் அதில் இல்லை. சித்தப்பா, மருமகன், பெறாமகன், ஒன்றுவிட்ட தம்பி, ஒருவரும் இல்லை. சனி ஞாயிறு வந்து அரிசி மூட்டை இறக்கிவிட்டுச் சம்பளம் வாங்கும் மச்சான் சட்டத்தின் கண்ணுக்கு வேலையாள். சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுத்தாலும் அப்படித்தான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதும் உதவாது, வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. "அவர் செல்ஃப் எம்ப்ளாய்ட்" என்று தாளில் எழுதி வைப்பதாலும் விஷயம் முடிந்துவிடாது. எப்போது வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் சொல்கிறீர்களா, வரியை நீங்கள் பிடிக்கிறீர்களா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கணக்காளர் சொன்னார் என்று கடையை லிமிட்டட் கம்பனியாக மாற்றுகிறோம். அன்றே குடும்ப விலக்கு போய்விடும். முதலாளி இப்போது நீங்கள் அல்ல, கம்பனி. கம்பனிக்கு ஏது மனைவி, மகன்? கம்பனியில் ஒரே ஒரு வேலையாள்தான், அவரே பாதி அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கிறார் என்றால் மட்டும் விலக்கு உண்டு. இது 2005இல் வந்தது. கணவனும் மனைவியும் இருவருமே கம்பனியில் வேலைக்கு இருந்தால் இந்த விலக்கும் பொருந்தாது. வரி மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு காப்புறுதியில் என்ன செய்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

வேலையாளுக்கு ஒரு பாதுகாப்பையும் சட்டம் வைத்திருக்கிறது. முதலாளி கவனமாக நடக்கவில்லை, பதிவேடு வைக்கவில்லை என்று காரணம் காட்டி, காயப்பட்டவருக்குக் காசு தர மறுக்கக் காப்புறுதிக் கம்பனியால் முடியாது. கொடுத்துவிட்டு, காப்புறுதிப் பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். பழைய சான்றிதழ்களை எறிந்துவிடாதீர்கள். வேலையால் வரும் சில நோய்கள் பல பத்து வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். அப்போது பொறுப்பு, அந்த ஆள் வேலை செய்த காலத்தில் காப்புறுதி கொடுத்த கம்பனிக்கு. ஒருகாலத்தில் 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றே விதி இருந்தது. 2008இல் அதை நீக்கிவிட்டார்கள், ஆனால் அதற்கான காரணம் அப்படியேதான் இருக்கிறது.

வாடிக்கையாளருக்கான பப்ளிக் லயபிலிட்டி பெரும்பாலான தொழில்களுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் லீஸில் கட்டிட உரிமையாளர் கேட்பார், சந்தையில் கடை போட்டால் கவுன்சில் கேட்கும். அவர்கள் கேட்காவிட்டாலும் எடுக்க வேண்டியது என்றுதான் நான் சொல்வேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைக்கு வருபவர் பாதுகாப்பாக இருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. பிள்ளைகள் பெரியவர்களைப் போல் பார்த்து நடக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான்.

நியாயமான கவனம் என்றால் எவ்வளவு? 1976இல் முடிந்த வார்டு எதிர் டெஸ்கோ வழக்கை இங்கே சட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். லிவர்பூல் கடையொன்றில் தரையில் சிந்திக் கிடந்த யோகட்டில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். யோகட் எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதை அவர் நிரூபிக்கத் தேவையில்லை, கவனமாக இருந்தோம் என்று காட்ட வேண்டியது கடைதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சில வாரம் கழித்து அதே கடையில் தோடம்பழச்சாறு சிந்தி, கால் மணிநேரம் யாரும் துடைக்காமல் கிடந்ததைத் தான் பார்த்ததாகவும் அவர் சாட்சி சொன்னார்.

நம் கடைகளை நினைத்துப் பாருங்கள். உறைமீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர், வெண்டிக்காய்த் தட்டுக்குக் கீழே நசுங்கிக் கிடக்கும் தக்காளி, வாசலில் மழை ஈரம். எத்தனை மணிக்கு யார் துடைத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் அதுவே உங்கள் சாட்சி. காயப்பட்டவர் வழக்குப் போட பொதுவாக 3 வருடம் இருக்கிறது, சிறுபிள்ளை என்றால் 18 வயதிலிருந்து 3 வருடம். கமரா பதிவு அத்தனை காலம் இருக்காது. யாராவது விழுந்தால் அன்றே அந்தப் பகுதியை எடுத்துத் தனியாக வையுங்கள், காப்புறுதிக் கம்பனிக்கும் உடனே சொல்லுங்கள். விழுந்தவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்புக் கேட்பது மட்டுமே பிழையை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "என் பிழைதான், எவ்வளவு வேண்டும்" என்று பேரம் பேசுவது வேறு. பல பத்திரங்களில் அது நிபந்தனையை மீறுவது.

மூன்றாவது, நீங்கள் விற்ற சாமானுக்கான புரொடக்ட் லயபிலிட்டி. அநேகமாக இரண்டாவதுடன் சேர்ந்தே வரும், யாரும் வாசிப்பதில்லை. 1987ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளால் ஒருவர் பாதிக்கப்பட்டால் தயாரிப்பாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ நீங்கள் நேரே கொள்கலன் இறக்கினால், சட்டத்தின் முன் தயாரிப்பாளருக்குச் சமமாக நிற்பது நீங்கள். மொத்தமாக வாங்கிய கறித்தூளைப் பைக்கற் போட்டு உங்கள் கடைப் பெயரை ஒட்டி, உங்கள் தயாரிப்பு என்று விற்றாலும் அப்படியே. இங்கேயே மொத்தக் கடையில் வாங்கி விற்றிருந்தால், பாதிக்கப்பட்டவர் கேட்கும்போது யாரிடம் வாங்கினீர்கள் என்று நியாயமான காலத்துக்குள் சொல்ல முடியாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில். பற்றுச்சீட்டு இல்லாமல் வேனில் வந்து இறங்கும் சாமானில் இருக்கும் ஆபத்து இதுதான்.

கம்பனியிடம் என்ன சொல்லிக் காப்புறுதி எடுத்தீர்கள் என்பதில்தான் பலருக்குக் காசு குறைகிறது. 2016 ஓகஸ்ட் 12 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, தொழிலைப் பற்றிய முக்கிய விவரங்களை நீங்களாக முன்வந்து சொல்ல வேண்டும். பலசரக்குக் கடை என்று சொல்லிவிட்டுப் பின்னால் ரோல்ஸும் வடையும் பொரிக்கிறீர்கள் என்று வைப்போம். வேண்டுமென்றே மறைக்கவில்லை, ஆனால் தெரிந்திருந்தால் கம்பனி 600 பவுணுக்குப் பதில் 1,200 பவுண் கட்டணம் கேட்டிருக்கும். அப்படியானால் 20,000 பவுண் நட்டஈட்டுக்கு 10,000 மட்டும் தந்தாலும் சட்டப்படி சரி. தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் ஒன்றும் கிடைக்காது, கட்டிய கட்டணமும் போய்விடும்.

கடையிலேயே செய்து பொதி கட்டி விற்கும் உணவில், 2021 ஒக்டோபர் 1 முதல், சேர்மானம் முழுவதையும் எழுதி, 14 ஒவ்வாமைப் பொருட்களில் எது இருந்தாலும் அதை எடுப்பாகக் காட்ட வேண்டும். தவறினால் நீதிமன்றம் போடும் தண்டத்தைக் காப்புறுதி கட்டாது.

கம்பனி காசு தர மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், இப்படியான முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்க்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். சிறு வணிகங்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது, கட்டணம் கிடையாது. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம்.