மஞ்சள் பையில் ஓர் ஊசி: மருத்துவக் கழிவின் பயணம் வார்டிலேயே தொடங்குகிறது

எங்கள் மருத்துவமனையின் பின்வாசலுக்குக் கழிவு வண்டி தினமும் காலை பதினொன்றரை மணியளவில் வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், வண்டியில் வந்த ஊழியர் ஒரு மஞ்சள் பையைத் தூக்கினார். கை தாங்காத கனம் என்பதால் தொடையில் அண்டக் கொடுத்து மேலே ஏற்ற முயன்றபோது, பைக்குள்ளிருந்த ஊசி ஒன்று அவருடைய கால்சட்டையைத் துளைத்துத் தொடையில் இறங்கிவிட்டது. நான் அங்கே தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஓடிச் சென்று பார்த்தபோது அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: “மஞ்சக் கவர்தானே சிஸ்டர், பஞ்சும் துணியும்தான் இருக்கும்னு நெனச்சுத் தூக்கினேன்.”

அவர் நினைத்ததில் எந்தத் தவறும் இல்லை. இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, அறுவைச் சிகிச்சையில் அகற்றிய உடற்பகுதி, காலாவதியான மருந்து போன்ற எரித்து அழிக்க வேண்டியவைதான் மஞ்சள் பையில் இருக்க வேண்டும். ஊசிக்கும் பிளேடுக்கும் ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டி தனியாக உண்டு. எங்கள் வார்டு ஒன்றில் யாரோ ஒரு நோயாளிக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போட்டபோது, உருவி எடுத்த உள்ஊசியும் இரத்தம் துடைத்த பஞ்சும் ஒரே ட்ரேயில் கிடந்திருக்க வேண்டும். அவசரத்தில் ட்ரேயை அப்படியே மஞ்சள் பையில் கவிழ்த்துவிட்டார்கள். அதனால் வார்டில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள், பை பல கை மாறிய பிறகு, எங்கள் மருத்துவமனையில் சம்பளம்கூட வாங்காத ஒருவருக்குத்தான் அது காயமாகிப் போனது.

மருத்துவக் கழிவைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்வது என்றவுடன் வண்டி, ஓட்டுநர், ஜிபிஎஸ் ஆகியவைதான் பலருக்கும் மனத்தில் தோன்றுகின்றன. அவையும் முக்கியம்தான். ஆனால் வண்டியில் ஏறிய பையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, பிரிக்கவும் கூடாது. பையின் நிறத்தை நம்பித்தான் தூக்குகிறவர் தூக்குகிறார், ஏற்றுகிறவர் ஏற்றுகிறார், சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பவர் எரியூட்டிக்கோ, நீராவியால் கிருமியை அழிக்கும் ஆட்டோகிளேவுக்கோ அனுப்புகிறார். ஆகவே சாலையில் நடக்கப்போவதில் பெரும்பகுதியை, நோயாளியின் கட்டிலருகே ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் செவிலியரே தீர்மானித்துவிடுகிறார்.

இந்தியாவில் இதற்கான விதிகள் முதன்முதலாக 1998ஆம் ஆண்டு வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2016 மார்ச் 28ஆம் தேதி அறிவிக்கப்பட்டு, பின்னர் சில திருத்தங்களைக் கண்ட மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். கழிவு எங்கே உண்டாகிறதோ அங்கேயே, அந்த நொடியிலேயே பிரிக்க வேண்டும் என்று எட்டாவது விதி கூறுகிறது. ஊசி நீக்கிய சிரிஞ்சு, ட்ரிப் செட், சிறுநீர்ப் பை, கையுறை ஆகிய பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பைக்கும், உடைந்த மருந்துக் குப்பியும் உடலுக்குள் பொருத்தும் உலோக உட்பொருத்திகளும் நீல அடையாளமிட்ட பெட்டிக்கும் செல்ல வேண்டும். இந்த நீலப் பெட்டி தொடக்கத்தில் அட்டைப் பெட்டியாக இருக்கலாம் என்றுதான் விதி சொன்னது. துளைபடாத, கசியாத பெட்டியாக இருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. நனைந்த அட்டைப் பெட்டியின் அடிப்பாகம் பிய்ந்து கண்ணாடிச் சில்லுகள் தரையில் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருத்தத்தின் அருமை தெரியும். பிரிப்பு தவறினால் காயம் மட்டும் அல்ல, காற்றும் கெடுகிறது: சிவப்புப் பைக்குப் போக வேண்டிய பிவிசி குழாய் மஞ்சள் பையில் விழுந்து எரியூட்டிக்குள் போனால், அதிலுள்ள குளோரின் டயாக்சின் என்ற நச்சு உருவாகக் காரணமாகிறது.

அந்த ஊழியருக்கு வருகிறேன். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் செய்தோம்; பதற்றத்தில் காயத்தைப் பிதுக்கப் போன அவருடைய கையை நான் பிடித்துத் தடுத்தேன், ஏனெனில் பிதுக்குவதும் பிளீச்சிங் போன்றவற்றை ஊற்றுவதும் திசுவைப் புண்ணாக்குமே தவிர நன்மை செய்யாது. அடுத்ததாக, அந்த ஊசி எந்த நோயாளிக்குப் பயன்பட்டது என்று தெரிய வேண்டும். அங்கேதான் எங்களுடைய இரண்டாவது தவறு வெளிப்பட்டது. பையில் மருத்துவமனையின் பார்கோடு இருந்தது, வார்டின் பெயர் இல்லை. நான்கு வார்டுகளின் மஞ்சள் பைகள் ஒன்றாகக் கிடந்த குவியலில், இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. யாருடைய இரத்தம் என்று தெரியாத காயமாகவே அதைக் கருத வேண்டியதாயிற்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக் கூடியது. தடுப்பூசி போடாதவருக்கு அது ஊசிக் காயத்தின் வழியாகத் தொற்றும் வாய்ப்பு எச்ஐவியைவிடப் பல மடங்கு அதிகம். அவரோ மூன்று தவணைத் தடுப்பூசியில் ஒன்றை மட்டுமே போட்டிருந்தார். மருத்துவர் உடனே எச்ஐவி தடுப்பு மருந்தை 28 நாளுக்கு எழுதிக் கொடுத்தார். ஹெபடைடிஸ் பிக்கான இம்யூனோகுளோபுலினும் (ஆயத்த நோயெதிர்ப்புப் பொருள்) தடுப்பூசியும் போடப்பட்டன. அதன் பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று பரிசோதனை. ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை அவர் லேப் வாசலில் உட்காராமல் நின்றுகொண்டே இருப்பார். நோயாளி யாரென்று தெரிந்திருந்தால் அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

ஆகவே லேபிள் என்பதை வெறும் ஆய்வு நாளுக்கான சடங்காக எண்ண வேண்டாம் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பையிலும் பெட்டியிலும் உயிரி அபாயக் குறி இருக்க வேண்டும், அது தண்ணீரில் அழியக் கூடாது. எந்த நாளில் உண்டான கழிவு, என்ன வகை, எவ்வளவு எடை, அனுப்பியவர் யார், பெறுபவர் யார், அவசரத்துக்கு யாரை அழைப்பது ஆகியவை உடன் செல்ல வேண்டும் என்று விதிகளின் நான்காம் அட்டவணை சொல்கிறது. இதற்கு மேல் வார்டின் பெயரையும் கட்டிய நேரத்தையும் அழியாத மையில் எழுதுவதை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

பையை எப்படிக் கட்டுகிறோம் என்பதும் சிறிய விஷயம் அல்ல. முக்கால் பங்கு நிறைந்ததும் கட்டிவிட வேண்டும். கழுத்துவரை திணித்த பையின் வாயை இறுக்க முடியாது, முடிச்சுப் போட்டாலும் ஏற்றும்போது பிளந்துகொள்ளும். கட்டுவதற்கு இடம் வேண்டுமென்று கையால் அழுத்தி உள்ளே தள்ளுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறும். நிறைந்த பையைத் தரையில் இழுக்கக் கூடாது, மார்போடு அணைத்துத் தூக்கக் கூடாது, ஒரு பையில் உள்ளதை இன்னொரு பையில் கொட்டிச் சேர்க்கக் கூடாது. வார்டிலிருந்து சேமிப்பு அறைக்கு மூடியுள்ள தனி டிராலியில்தான் செல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் பார்வையாளர் நேரத்திலும் அந்த டிராலி நடைக்கூடத்தில் வரக் கூடாது. ஆய்வகத்தின் கிருமி வளர்ப்புத் தட்டுகளும் இரத்த மாதிரிகளும் வளாகத்துக்குள்ளேயே கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிறகுதான் பையில் ஏற வேண்டும். அப்படியே வண்டியில் ஏற்றுவது விதிமீறல்.

சுத்திகரிக்காத உடற்பகுதிகளையும் இரத்தம் தோய்ந்த கழிவையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால், தீங்கு நேராதபடி ஏற்பாடு செய்துவிட்டு, காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பொங்கல், தீபாவளி நாள்களில் வண்டி வராது என்று சொல்லிப் பைகளைக் குவித்துவைக்கும் இடங்கள் உண்டு. விடுமுறை நாளிலும் கழிவை எடுக்க வேண்டியது சுத்திகரிப்பு நிலையத்தின் கடமை என்று விதியிலேயே இருக்கிறது, அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

வண்டியைப் பற்றிய நிபந்தனைகள் தெளிவானவை. ஓட்டுநர் அமரும் பகுதியும் கழிவு வைக்கும் பகுதியும் தனித்தனியாக இருக்க வேண்டும். கழிவுப் பகுதியின் அடித்தளம் கசியாததாகவும், உட்புறம் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய ஏதுவாக வழவழப்பாகவும் இருக்க வேண்டும். வெளியே உயிரி அபாயக் குறியும் நிலையத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். வேறு எந்தச் சரக்கையும் அதில் ஏற்றக் கூடாது. கசிவு நேர்ந்தால் கையாளக் கையுறை, உறிஞ்சும் துணி, ஹைப்போ என்னும் கிருமிநாசினிக் கரைசல், காலிப் பைகள் ஆகியவை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது நல்லது. உங்கள் வாசலுக்கு வரும் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். அடியில் ஈரம் சொட்டினால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.

வழியில் திருட்டும் நடக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பழைய பிளாஸ்டிக்குக் கடையில் விலை உண்டு, சிவப்புப் பையில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். 2009ஆம் ஆண்டு குஜராத்தின் மொடாசா நகரில் ஹெபடைடிஸ் பி பரவிப் பல உயிர்கள் போனபோது, பயன்படுத்திய சிரிஞ்சுகள் மறுபடியும் பயன்படுத்தப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வொரு பையையும் மருத்துவமனையில் எடைபோட்டு பார்கோடு ஸ்கேன் செய்து, சுத்திகரிப்பு நிலையத்தில் மறுபடியும் எடைபோடுவது இதற்காகத்தான். இரண்டு எடையும் ஒத்துப்போகின்றனவா என்று மாதம் ஒருமுறையாவது பார்க்காவிட்டால் அந்த ஏற்பாட்டால் பயனில்லை. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரள அரசு லாரிகளில் அதைத் திரும்ப அள்ளிச் சென்றதும் பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு 2025இல், மருத்துவக் கழிவைக் கொட்டுவோரையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் திருத்தத்தைத் தமிழ்நாடு செய்தது. வண்டி ஏறியதும் நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: முறையற்ற கையாளலால் பொதுமக்களுக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு நேர்ந்தால், மருத்துவமனையும் பொறுப்பேற்க வேண்டும் என்றே விதி கூறுகிறது.

விபத்தைப் பதிவுசெய்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கழிவு வண்டி கவிழ்வதும் நீர்நிலையில் கழிவு கலப்பதும் பெரும் விபத்துகள். அவற்றை உடனடியாகத் தெரிவித்து, 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். ஊசிக் காயம் அந்த வரையறையில் சேராது, ஆண்டறிக்கையில் குறிப்பிட்டால் போதும். இதனால் பல இடங்களில் ஊசிக் காயம் எந்த ஏட்டிலும் ஏறாமலே போகிறது, குறிப்பாகக் காயப்பட்டவர் ஒப்பந்த ஊழியராகவோ வண்டியில் வந்தவராகவோ இருந்தால். யாருடைய ஊழியர் என்று பார்க்காமல், நம் வாசலில் நடந்த ஒவ்வொரு காயத்தையும் அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று விதி சொல்கிறது. வண்டியில் வருகிறவர் எத்தனை தவணை போட்டிருக்கிறார் என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

படுக்கை இல்லாத கிளினிக்குகளும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களும் பல் மருத்துவமனைகளும் இந்த விதிகளுக்கு உட்பட்டவைதான். பத்து ஊசிதானே என்று காகிதத்தில் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுவது, எங்கள் வார்டு ஒன்றில் நடந்த அதே தவறு. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, என்ன இருக்கிறது என்று எழுதித் தனியாகக் கொடுக்கலாம்.

அந்த ஊழியரின் ஆறாவது மாதப் பரிசோதனையிலும் தொற்று எதுவும் இல்லை. மீதித் தவணைத் தடுப்பூசிகளையும் எங்களிடமே போட்டுக்கொண்டார். இப்போது வார்டின் பெயர் இல்லாத பையை அவர் வாங்குவதே இல்லை. சென்ற மாதம் ஒருநாள், பெயர் எழுதாத இரண்டு பைகளை ஓரமாக வைத்துவிட்டு, வார்டிலிருந்து ஆள் வந்து எழுதிக் கொடுக்கும்வரை வண்டியைக் கிளப்ப மாட்டேன் என்று நின்றுவிட்டார். கால் மணி நேரம் தாமதமானது. எழுதி முடியும்வரை நானும் அவருடனேயே நின்றேன்.