இருபத்தோராம் நாள்காரரின் தொலைபேசி எண்

புகைப்பதை விடச் சொல்வது என் வேலையில் பாதி. நெஞ்சக நோய் மருத்துவராகத் திருநெல்வேலிப் பக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பற்றவைத்ததில்லை. அதை ஒரு தகுதி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். "உங்களுக்கு என்ன டாக்டர், சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவீர்கள்" என்று ஒரு லாரி ஓட்டுநர் முகத்துக்கு நேரே சொன்ன அன்று அந்த நினைப்பு போயிற்று. அதன் பிறகுதான் வியாழக்கிழமை மாலைகளில், விட்டவர்களையும் விட முயல்கிறவர்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கத் தொடங்கினேன்.

தொடக்கத்தில் ஒரு பிழை செய்தேன். சிகரெட்டை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பேச அழைத்தேன். அருமையாகப் பேசினார். "பெட்டியைக் கசக்கி ஆற்றில் எறிந்தேன். அன்றோடு சரி. மனவுறுதி இருந்தால் போதும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுவாரம் வந்திருக்க வேண்டிய ஏழு பேரில் மூன்று பேரைக் காணவில்லை. அதில் ஒருவரைப் பிறகு பஸ் நிலையத்தில் பார்த்துக் கேட்டபோது, "அந்த உறுதி எனக்குக் கிடையாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது டாக்டர்" என்றார்.

ஆசிரியர் பொய் சொல்லவில்லை. முதல் வாரம் எப்படி இருந்தது என்பது அவருக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான். இழுத்த புகையிலிருந்து நிகோடின் மூளையைச் சேரச் சில விநாடிகள் போதும். அப்படி நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை ஊட்டப்பட்ட மூளை, ஊட்டம் நின்றதும் முதல் வாரத்தில்தான் மிகக் கடுமையாகச் சண்டை பிடிக்கும். எரிச்சல், தூக்கமின்மை, தீராப் பசி, எதிலும் மனம் நிற்காமை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரங்களில் இது அடங்கிவிடும். ஆகவே, இரண்டாம் நாளில் தவிப்பவருக்கு உதவக்கூடியவர் பத்தாண்டு வென்றவர் அல்ல. இருபத்தோராம் நாளில் இருப்பவர். கரையேறிவிட்டார், ஆனால் வேட்டி இன்னும் காயவில்லை.

இப்போது எங்கள் குழுவில் புதிதாக வருகிறவருக்கு முதலில் தருவது மருந்துச் சீட்டு அல்ல. இரண்டு மூன்று வாரம் முந்திய ஒருவரின் தொலைபேசி எண். அறையில் வயதுக்கும் வேலைக்கும் மரியாதை இல்லை. "அவர் ஒன்பதாம் நாள்காரர்", "இவர் முப்பதாம் நாள்காரர்" என்பதே அறிமுகம். இந்தச் சொல் நான் வைத்ததல்ல, அவர்களாக உண்டாக்கிக்கொண்டது.

அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் பாதி, நான் சொல்லத் தோன்றாத செய்திகள். "நாலு நாளாக வெளிக்கே போகவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது, உடம்பில் ஏதோ கெட்டுவிட்டது போல" என்று ஒரு தச்சர் பயந்துபோய்ப் பேசினார். நிகோடின் நின்றால் சிலருக்கு மலச்சிக்கல் வரும். எனக்குத் தெரியும், ஆனால் ஒருநாளும் முன்கூட்டிச் சொன்னதில்லை. எதிரே இருந்த இருபதாம் நாள்காரர் சிரித்தார். "எனக்கு ஆறு நாள் ஆயிற்று அண்ணாச்சி. காலையில் எழுந்ததும் வெந்நீர், ராத்திரி இரண்டு வாழைப்பழம். தானாக வழிக்கு வரும்." தச்சர் முகத்தில் வந்த தெளிவை என் ஸ்டெதஸ்கோப் எவருக்கும் கொடுத்ததில்லை. இருமல் முன்னைவிடக் கூடுவது, வாய்ப்புண் வருவது எல்லாம் இப்படித்தான். தெரிந்தவர் சொன்னால் அது ஒரு கட்டம். தெரியாதவருக்கு, "விட்டதால்தான் நோய் வந்தது" என்பதற்குச் சான்று.

புகையை விடத் துணையாகத் தரும் நிகோடின் சூயிங்கம் விஷயமும் அப்படி. அதைச் சாதாரண மிட்டாய் போல மென்று விழுங்கினால் நெஞ்செரியும், விக்கல் எடுக்கும், பயனும் இராது. நிகோடின் கன்னத்தின் உட்புறம் வழியாகத்தான் உடம்பில் சேர வேண்டும். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் நிறுத்தி, ஓரமாக ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். நான் படம் வரைந்து காட்டியும் புரியாத ஒருவருக்கு, "வெற்றிலையை அதக்கி வைக்கிற மாதிரி அதக்குங்கள் ஐயா" என்று பக்கத்தில் இருந்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி குடிக்கக் கூடாது என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன்.

டீ என்றதும் ஒன்று. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கி, காபியிலும் டீயிலும் உள்ள கஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கின்றன. புகை நின்றால் அந்த வேகம் குறையும். அதே ஐந்து டீ உடம்பில் முன்னைவிட நெடுநேரம் தங்கும். படபடப்பும் தூக்கம் கெடுவதும் கொஞ்சம் அதனாலும்தான். டீயைப் பாதியாகக் குறையுங்கள் என்பேன். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சிக்கல் டீ அல்ல, டீக்கடை. ஒரு கையில் கிளாஸ், மறு கையில் சிகரெட், எதிரே நண்பன். புகையை விடு என்றால் அந்தக் கால் மணி நேரத்தையும் நண்பனையும் சேர்த்து விடு என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. இழப்பது கூட்டு என்றால், ஈடாகக் கொடுக்க வேண்டியதும் கூட்டுத்தான். துண்டுப் பிரசுரத்தால் அதைக் கொடுக்க முடியாது.

இது வெறும் என் ஊகம் அல்ல. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் 1971 முதல் 2003 வரை பின்தொடரப்பட்ட 12,067 பேரின் உறவுவலையை ஆராய்ந்து, நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற ஆய்வாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர்கள் தனித்தனியாக விடவில்லை. கொத்துக் கொத்தாக விட்டார்கள். கணவனோ மனைவியோ விட்டால் இணை புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36. அந்த 67ஐ நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே மனைவிமார் பெரும்பாலும் புகைப்பதில்லை. ஆனால் தென்காசி, ஆலங்குளம் பக்கத்து வீடுகளில் மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றுகிறவர் மனைவி, திண்ணையில் அதைப் பிடித்து இருமுகிறவர் கணவர். "தொழிலையே விட்டுவிடு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?" என்று கேட்டவருக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. அதே நிலையில் விட்ட இன்னொருவர்தான், தூளும் கட்டும் கண்ணில் படாத மாதிரி மாலையில் கோயில் வாசலுக்கு நடக்கத் தொடங்கியதைச் சொன்னார்.

பீடி சின்னது, கெடுதலும் சின்னது என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த 43,000 ஆண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2003இல் வந்தது. சிற்றூர்களில் அப்போது பெரும்பாலும் பீடிதான். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் சாவில் புகைக்குப் பங்கு உண்டு என்று அது கணக்கிட்டது. மற்றதை என் வார்டில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இருவர் சேர்ந்து விட்டால், ஒருவர் வழுக்கும்போது மற்றவரும் சரிவார். அதைவிட மோசம், வழுக்கியவர் வெட்கப்பட்டு வராமல் போவது. அதனால் இங்கே ஒரே ஒரு விதி: அந்த வாரம் புகைத்தவர்தான் முதலில் பேச வேண்டும், திட்டு கிடையாது. திட்டத் தொடங்கிய ஒருவரை நானே வெளியே அனுப்பியிருக்கிறேன். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் சிறு கருவியும் வைத்திருக்கிறோம். ஆளைப் பிடிக்க அல்ல. முதல் நாள் இருபத்தெட்டு காட்டியது அடுத்த வாரம் மூன்றாகும்போது அந்த எண்ணை அவர் பேரனுக்குப் படம் எடுத்து அனுப்புவார்.

எல்லோருக்கும் பேச்சு மட்டும் போதாது. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி வேண்டும் என்கிறவருக்குப் பெரும்பாலும் மருந்தும் தேவைப்படும். அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பக்கத்தில் குழு எதுவும் இல்லாதவர்கள், சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம். பிறகு, தெருவில் அண்மையில் விட்டவர் யார் என்று விசாரியுங்கள். கட்டாயம் ஒருவர் இருப்பார்.

சென்ற மாதம் ஒரு சண்டை. நாற்பத்தோராம் நாள்காரர், ஐம்பத்தெட்டு வயது, அரிசிக்கடை வைத்திருப்பவர். துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பீடிக்கட்டும் சுற்றி வந்திருக்கிறது. எடுத்துவிட்டார். ஒன்றல்ல, மூன்று. வியாழக்கிழமை வந்து விதிப்படி முதலில் பேசினார். இனி அவர் எந்த நாள்காரர் என்பதில் அறை இரண்டாகப் பிரிந்தது. மூன்று பீடிக்காக நாற்பத்தொரு நாள் அழியுமா என்று ஒரு பக்கம். கணக்கு என்றால் கணக்குத்தான் என்று மறுபக்கம். மருத்துவமாக, ஒரு வழுக்கல் முழுத்தோல்வி அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "இரண்டாம் நாள் என்றே போடுங்கள். முந்தைய நாற்பத்தொன்றை வைப்பு நிதியாக வைத்துக்கொள்கிறேன்" என்று முடித்துவிட்டார்.

வழக்கப்படி அவருக்கு முந்திய ஒருவரின் எண் வேண்டும். பதினாறாம் நாளில் இருந்தவன் செல்பேசி பழுது பார்க்கும் பையன், இருபத்து நான்கு வயது. கடைக்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்து, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்குத் தவிப்பு வரும். அப்போது பேசினால் எடுப்பீர்களா அண்ணாச்சி?" என்று அவனிடம் கேட்டார்.