பிரார்த்தனை: பிறருக்காகக் கேட்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

திருகோணமலைக் கோணேசர் கோயிலில் அருச்சனைத் தட்டை நீட்டினால் ஐயர் கேட்பது, "பேர், நட்சத்திரம்?" நமக்கென்றால் உடனே சொல்லிவிடுவோம். மற்றவருக்கென்றால்?

வேலிச் சண்டையில் இரண்டு வருடமாக எங்களோடு பேசாமல் இருந்த பக்கத்து வீட்டில், பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை என்று ஒருநாள் கேள்விப்பட்டோம். அருச்சனைக்குப் போன அம்மா நட்சத்திரம் தெரியாமல் திரும்பி வந்தார். சுவாமி பேருக்குச் செய்திருக்கலாம்தான்; அவருக்கு அது சரிப்படவில்லை. அடுத்த நாள் காலை வேலிக்கு மேலால், "பிள்ளையின்ர நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உத்தரட்டாதி" என்று பதில் வந்தது.

அம்மா செய்ததற்குப் பெயர் என்ன? பிரார்த்தனை என்போம். அது வடசொல், கேட்டல், வேண்டல் என்று பொருள்படும் 'அர்த்' என்ற வேரிலிருந்து வந்தது. ஜெபமும் வடசொல்தான், மந்திரத்தை வாய்க்குள் முணுமுணுப்பது அதன் பழைய பொருள். பக்கத்தில் முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலும் மூதூரிலும் "துஆ செய்யுங்கோ" என்பார்கள். துஆ என்றால் அரபியில் அழைத்தல். ஆனால் யாருக்காகக் கேட்கிறோம் என்பதை இந்த மூன்றில் எதுவுமே காட்டவில்லை.

தமிழில் வேண்டுதல் இருக்கிறது. யோபு தன்மேல் குற்றம் சுமத்திய சிநேகிதருக்காகவே 'வேண்டுதல் செய்தபோது' அவன் சிறையிருப்பு, அதாவது அவன் பட்ட துன்பம், மாறியது என்கிறது தமிழ் வேதாகமம். நல்ல சொல்தான். ஆனாலும் 'எனக்கு வேண்டும்' என்ற ஆசை அதில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் மன்றாட்டு என்பார்கள். மன்று என்றால் அவை, வழக்காடுவதும் மன்றாடுவதுதான். கெஞ்சலுக்குள் கொஞ்சம் வாதாட்டமும் இருக்கும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும்.

எனினும் என் தெரிவு பரிந்துரை. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். 'பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து' என்று மாணிக்கவாசகர் பாடுவது இந்தப் பரிவைத்தான். பரிந்து உரைப்பது பரிந்துரை. இன்று அதைக் கந்தோர்ச் சொல்லாக்கிவிட்டோம். பாரசீகத்திலிருந்து வந்த சிபாரிசுக்குப் பதிலாக எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைத்து அனுப்புகிறோம். கோப்புக்குள் பரிவுக்கு என்ன வேலை? ஆனால் கத்தோலிக்கர் புனிதர்களின் பரிந்துரையைக் கேட்கிறார்கள். முஸ்லிம்கள் ஷஃபாஅத் என்பதைத் தமிழில் பரிந்துரை என்றே எழுதுகிறார்கள். சைவர் நாங்கள்தான் கோயிலில் அதைப் பாவிப்பதில்லை.

இந்தச் சொல்லில் வரிசை முக்கியம். முதலில் பரிவு, பிறகு உரை. நடைமுறையில் பல நேரம் இது தலைகீழாகவும் நடக்கும்: முதலில் சொல்லிவிடுகிறோம், பரிவு பின்னால் வருகிறது. கண்காணாத சகோதரனுக்காகக் கேட்கும்போது வானவர் 'ஆமீன், உனக்கும் அவ்வாறே' என்பார் என்று ஒரு ஹதீஸ் (நபிமொழி) உண்டு. அவனுக்குக் கேட்டது நமக்கும் ஆகிவிட்டால், அவனோடு எத்தனை நாளைக்குக் கோபமாக இருப்பது?

இரண்டாம் தடவை கோயிலுக்குப் போய்வந்த அம்மா பிரார்த்தனை என்றும் சொல்லவில்லை, வேண்டுதல் என்றும் சொல்லவில்லை. திருநீற்றை வேலிக்கு மேலால் நீட்டி, "பிள்ளைக்காகச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். வேலி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது.