ஹெய்ம்: ராஜ்ஜியமா, கிரகமா, உலகமா?

ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் புராணங்களிலிருந்து கதை எடுத்து 2011-இல் வந்த 'தோர்' படத்தில் ஓர் இரவுக் காட்சி. வானியற்பியல் படித்த ஜேன் ஃபாஸ்டரின் குறிப்பேட்டை வாங்கி, தோர் அதில் ஒரு மரம் வரைவான். அதன் பெயர் இக்ட்ரசில். ஒன்பது உலகங்களும் அதன் கிளைகளில் இணைந்திருக்கின்றன என்பான். அந்த உலகங்களுக்குப் படத்தின் ஆங்கில வசனம் வைத்திருக்கும் சொல் 'ரெல்ம்'. அதைத் தமிழாக்கப் போனால் 'ராஜ்ஜியம்' என்றுதான் கை எழுதும். அகராதிப்படி சரிதான். ஆளுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. சிக்கல் என்னவென்றால், நார்ஸ் மூலத்தில் இருக்கும் சொல்லில் அரசனும் இல்லை, ஆட்சியும் இல்லை.

மூலச் சொல் 'ஹெய்ம்ர்'. கடைசி 'ர்' வெறும் எழுவாய் விகுதி. அது உதிர்ந்தால் 'ஹெய்ம்'. யோட்டுன்ஹெய்ம், வானாஹெய்ம், ஆல்ஃப்ஹெய்ம் என்று படங்களில் காதில் விழும் பெயர்களின் வால் இதுதான். ஆங்கிலத்தின் 'ஹோம்' இதற்கு உடன்பிறப்பு. இன்றைய ஐஸ்லாந்து மொழியில் 'ஹெய்முர்' என்றால் உலகம். 'ஹெய்மா' என்றால் வீட்டில். நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் பெயரிலும் இதே சொல் இருக்கிறது: ஒரு குடியினர் வாழ்ந்த நிலப்பகுதிக்கு வைத்த பெயர் அது. ஆக, யோட்டுன்ஹெய்ம் என்பது யோட்டுன் எனப்படும் அரக்கர்கள் குடியிருக்கும் இடம். அவ்வளவுதான்.

ஒன்பது என்ற கணக்கும் பழையதுதான். 1270 வாக்கில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஏட்டில் உள்ள 'வொலுஸ்பா' பாட்டில், குறி சொல்பவள் ஒருத்தி ஒன்பது உலகங்கள் தன் நினைவில் இருப்பதாகச் சொல்கிறாள். எவை அந்த ஒன்பது? பழைய பாடல்களிலும் சரி, 1220 வாக்கில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய 'உரைநடை எட்டா' என்ற புராண நூலிலும் சரி, முழுப் பட்டியல் எங்குமே இல்லை. நாம் பார்க்கும் பட்டியல்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் அங்குமிங்கும் பொறுக்கிச் சேர்த்தவை. மரத்தின் மூன்று வேர்கள் எங்கே போகின்றன என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. ஒரு வேரின் கீழே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்கிறது ஒரு பாட்டு. ஸ்னோரியோ அந்த இடத்தில் தேவர்களை வைக்கிறார். ஒரே வரைபடமாக வரைய வேண்டும் என்று அவர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

படத்துக்கு அந்தத் தாராளம் கட்டுப்படியாகாது. கதை நடக்க இடமும் தூரமும் வேண்டும். அதனால் உலகங்கள் விண்வெளியில் மிதக்கும் தனித்தனி இடங்களாகின்றன. வானவில் பாலமான பைஃப்ராஸ்டை ஜேன், வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் பாலம் பற்றி ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935-இல் எழுதிய கட்டுரையோடு முடிச்சுப்போடுகிறாள். 2013-இல் வந்த இரண்டாம் படத்தில் 5,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்பதும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. இது பழைய பாடல்களிலோ ஸ்னோரியிடமோ இல்லாத சரக்கு. ஸ்வார்ட்டால்ஃப்ஹெய்ம் என்ற உலகத்திலும் ஒரு வெட்டு: ஸ்னோரியிடம் அங்கே இருப்பவர்கள் குள்ளர்கள். படமோ அதைக் கறுப்பு எல்ஃப்கள் என்ற மாயக் குலத்தாருக்குக் கொடுத்துவிட்டு, குள்ளர்களை நிடவெல்லிர் என்ற வேறோர் இடத்துக்கு அனுப்பிவிடுகிறது.

அப்படியென்றால் தமிழில் எதை வைப்பது? 'கிரகம்' படத்தின் விளக்கத்துக்குப் பொருந்தலாம், சொல்லுக்குப் பொருந்தாது. 'லோகம்' என்றதும் ஈரேழு பதினான்கும் மாடிவீடுபோல அடுக்கடுக்காக மனத்தில் எழுந்துவிடும். நார்ஸ் உலகங்கள் அப்படி ஒழுங்காக அடுக்கப்பட்டவை அல்ல. என் ஓட்டு சாதாரண 'உலகம்' என்ற சொல்லுக்குத்தான். காரணம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. 'மாயோன் மேய காடுறை உலகமும் சேயோன் மேய மைவரை உலகமும்' என்னும் இடத்தில் உலகம் என்பது முழு பூமி அல்ல. ஒரு தெய்வம் தங்கும் ஒரு நிலம். காடு ஓர் உலகம், மலை ஓர் உலகம். ஹெய்ம் என்பதும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

ஆனால் எல்லாமே ஹெய்ம் இல்லை. அஸ்கார்டிலும் மிட்கார்டிலும் இருப்பது 'கார்த்ர்', அதாவது வேலியோ சுவரோ சூழ்ந்த இடம். ஆங்கிலத்தின் 'யார்ட்' இதன் உறவு. இதற்கு நம்மிடம் அச்சு அசலாக ஒரு சொல் உண்டு: வளவு. யாழ்ப்பாணத்தில் வேலியடைத்த வீட்டு நிலத்தை வளவு என்பார்கள். மிட்கார்ட் என்பது நடுவளவு. மனிதர்கள் வேலிக்குள், அரக்கர்கள் வெளியே. அஸ்கார்ட், ஈசிர் எனும் தேவர்களின் வளவு. ஆகாயத்தில் மிதக்கும் தங்க நகரத்தை வளவு என்பது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, சொல் அப்படி!

நிடவெல்லிர் இன்னும் வேடிக்கை. 2018-இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் அது ஒரு நியூட்ரான் விண்மீனைச் சுற்றி அமைந்த உலைக்கூடம். பெயரிலோ 'வெல்லிர்' என்றால் வெளிகள், சமநிலங்கள். தேய்பிறை இருட்டு படிந்த வெளி என்று கொள்ளலாம்.

சரி, மரத்தின் பெயர்? 'இக்' என்பது அச்சம் தருபவன், அதாவது தேவர்களின் தலைவன் ஓடின். 'ட்ரசில்' என்றால் குதிரை. ஈட்டியால் குத்துண்டு, காற்றடிக்கும் மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்கினான் ஓடின் என்கிறது 'ஹாவமால்' என்ற பழைய பாட்டு. தூக்குமரத்தைத் தூக்கிலிடப்பட்டவனின் குதிரை என்பது அவர்கள் கவிதை வழக்கு. நமக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. கழுவேற்றம், குதிரையேற்றம் இரண்டுக்கும் தமிழில் ஏற்றம் ஒன்றுதான். இருந்தாலும் இந்தப் பெயரை மட்டும் நான் தமிழாக்க மாட்டேன். 'உலகமரம்' என்று எழுதினால் குதிரை ஓடிவிடும், அதில் ஏறியவனும் காணாமல் போவான்.