முதல் முகாமுக்கு 18,000 ரூபாய் எதற்கு?

போன அக்டோபரில் கொடைக்கானல் மலையில் ஒரு தனியார் எஸ்டேட்டுக்குள் இரண்டு இரவு முகாம் நடத்தினோம். கோவையிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேர் வந்திருந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கும்போதே ஒரு பையன்மேல் என் கண் போய்விட்டது. தலை முதல் கால் வரை எல்லாம் புதுசு. முதுகில் 60 லிட்டர் பை, அதில் விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் தொங்குகிறது. காலில் கணுக்காலை மூடும் தடித்த பூட்ஸ். தத்தித் தத்தி நடந்தான். கழற்றச் சொல்லிப் பார்த்தால், வலது பூட்ஸின் நுனியில் கடைக்காரர் திணித்து வைத்த காகிதப் பந்து அப்படியே இருக்கிறது.

காகிதத்தை எடுத்துப் போட்டோம், சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவன் போட்டிருந்தது ஜீன்ஸ், மேலே தலைமூடி வைத்த தடித்த காட்டன் சட்டை. மூன்று மணிக்குச் சோலை ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. முக்கால் மணி நேரம் விடவில்லை. முகாமுக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரையும் ஈரத்துணி மாற்றச் சொன்னேன். இவன் மட்டும் பையின் முன்னால் உட்கார்ந்து ஜிப்பைப் பிடிக்கப் பார்க்கிறான். விரல் கேட்கவில்லை. மூன்று தடவை ஜிப் நழுவியது. "குளிருதா தம்பி?" என்றேன். "இல்லண்ணா" என்றான். அந்த ஒரு வார்த்தையே குழறிக்கொண்டு வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

பையைத் திறந்தால் உள்ளேயும் எல்லாம் ஈரம். மழையுறை பையின் அடியில் தனி ஜிப்புக்குள் பத்திரமாக மடித்தபடி இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. கடைசியில் வேறொரு பையனின் பி.டி. டிரஸ், எஸ்டேட் வாட்ச்மேனின் கம்பளி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட கட்டன் சாயா. ஒரு மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். "எல்லாமே பிராண்டடாத்தான் சார் வாங்கிக் கொடுத்தேன். பதினெட்டாயிரம் ஆச்சு" என்றார் மனிதர். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்தப் பருவத்தில் மட்டும் இப்படி நான்காவது பிள்ளை.

அதனால்தான் எழுதுகிறேன். பதினான்கு வருடமாகப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகிறேன். முதல் முகாமுக்குத் தேவையானதில் முக்கால்வாசி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மீதியை இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். நான் உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சிக்குப் போனபோது எங்களுக்குக் கொடுத்த பனிக்கோட்டு, பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நிறுவனத்துச் சரக்கு. எனக்கு முன்னால் எத்தனை பேட்ச் போட்டுக் கழற்றியதோ. என் கோட்டின் கையில் யாரோ ஊசிநூலால் தைத்த தையல் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் பனியில் ஏறினோம்.

இப்போது என்னை அதிகம் எரிச்சலூட்டும் பேச்சுக்கு வருகிறேன். "காட்டன்தான் சார் உடம்புக்கு நல்லது."

ஊரில் நல்லதுதான், யார் இல்லையென்றது? மதுரை வெயிலில் பருத்தி ஏன் சுகமாக இருக்கிறது? வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, அது காயக் காய உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதே வேலையைத்தான் மலையிலும் செய்யும். மலையில் உங்கள் பிள்ளையின் சூடு போகக் கூடாது என்பதுதான் பிரச்சினையே. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் காயாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

உடனே "தடித்த காட்டன் போட்டால்?" என்பார்கள். தடித்தது இன்னும் அதிகம் தண்ணீர் குடிக்கும். "உள்ளே பனியன் போட்டு மேலே ஸ்வெட்டர்?" அந்தப் பனியனும் பருத்திதானே அம்மா! ஏறும்போது வியர்வையில் நனையும், உட்கார்ந்ததும் ஜில்லிட்டு முதுகில் ஒட்டும். மழையே வேண்டாம், வியர்வை போதும். "ஜீன்ஸ் கெட்டியான துணியாச்சே?" வீட்டில் ஜீன்ஸை நனைத்துப் பிழியாமல் கொடியில் போட்டுப் பாருங்கள், எத்தனை மணி நேரம் சொட்டுகிறது என்று. அதைக் காலில் கட்டிக்கொண்டு உங்கள் பிள்ளை ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அப்புறம், "இமயமலையா போகிறான், இங்கேதானே" என்று ஒரு சமாதானம். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா. அதற்குப் பனி கொட்ட வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு டிகிரியில் ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் போதும். முதல் அறிகுறி நடுக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் பயப்படுவது விரல் தடுமாறும் பிள்ளையைப் பார்த்து, நடுக்கம் நின்றுபோய் "குளிரல" என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து.

சரி, எதைப் போடுவது? பி.டி. டிரஸ். ஆமாம், பள்ளியில் புதன்கிழமை போடும் அதே பாலியஸ்டர் டிராக் பேண்ட், அதே டி-ஷர்ட். உதறினால் பாதி காயும். இன்னும் இரண்டு வேண்டுமென்றால் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போங்கள். எக்ஸ்போர்ட்டில் கழிந்த விளையாட்டு டி-ஷர்ட்டுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். தேடினால் ஃப்ளீஸ் என்கிற, பஞ்சு மாதிரி மெத்தென்ற பாலியஸ்டர் மேல்சட்டையும் கிடைக்கும். பிராண்ட் கடையில் கொடுக்கும் காசில் அங்கே மூன்று எடுக்கலாம். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் திபெத்தியர் கடைகளில் ஸ்வெட்டர் பார்க்கலாம், ஆனால் உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். கம்பளி, அக்ரிலிக், பாலியஸ்டர் எதுவானாலும் சரி, பருத்தி மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர், அக்ரிலிக் துணிகளுக்கு நெருப்பு ஆகாது. கேம்ப் ஃபயர் பக்கத்தில் ஒரு பொறி விழுந்தாலே உருகித் தோலில் ஒட்டும். நெருப்பைச் சுற்றி உட்காரும்போது மேலே கம்பளியோ பழைய பருத்திப் போர்வையோ போர்த்திக்கொள்ளட்டும். காட்டன் உதவுகிற இடம் அதுதான்.

மழைக்கு அப்பாவின் பைக் ரெயின்கோட் போதும். சட்டை பேண்ட் இரண்டும் உள்ளதாக இருக்கட்டும். ஏறும்போது உள்ளே புழுங்கும், தெரியும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கோட்டிலும் ஏற்றத்தில் வியர்க்கத்தான் செய்யும். முகாமுக்கு முன்னால் பைப்படியில் மாட்டி நிற்க வைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தையலில் ஒழுகினால் அங்கேயே தெரிந்துவிடும். பிள்ளைக்கும் கொண்டாட்டம்.

ஷூ. இதில் மட்டும் கொஞ்சம் காசு போடலாம் என்பேன், ஆனால் முகாமுக்கு முந்தின வாரம் வாங்கவே வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்னால், சாயங்காலமாக, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, நடக்கப் போகும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு பள்ளிக்கும் கடைக்கும் அதையே போட்டு நடக்கட்டும். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். எளிதான ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய் வந்தால் ஷூவும் பழகும், பிள்ளையும் பழகும். இரண்டு இரவு முகாமுக்குக் கணுக்கால் பூட்ஸ் கட்டாயமில்லை. அடிப்பாகம் தேயாத பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ, பழகாத புது பூட்ஸைவிட நூறு மடங்கு மேல். நேபாளத்தில் சுமைக்காரர்கள் 'கோல்ட்ஸ்டார்' என்ற மலிவான ஷூவைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கிப் போவதைப் பார்த்தால் உங்களுக்குப் பூட்ஸ் ஆசை போய்விடும்.

கொப்புளத்துக்கு ஒரு செலவில்லாத வழி: பள்ளிச் சீருடையின் மெல்லிய நைலான் சாக்ஸை உள்ளே போட்டு, மேலே தடித்த சாக்ஸ். உராய்வு இரண்டு சாக்ஸுக்கும் நடுவில் போய்விடும். குதிகால் எரிய ஆரம்பித்ததுமே சொல்லச் சொல்லுங்கள், காகித டேப் ஒட்டிவிடுவோம். பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. ராத்திரி சாக்ஸைக் கழற்றினால் ரத்தம்.

மழைக்காலத்தில் சோலைப் பக்கம் அட்டைப்பூச்சி இருக்கும். அதற்கென்று விற்கும் காலுறையை வாங்க வேண்டாம். இழை நெருக்கமான துணியில் முழங்கால் வரை பை மாதிரி தைத்து மேலே நாடா கோத்துத் தரச் சொன்னால் தெருமுனை டெய்லர் தைத்துக் கொடுப்பார்.

பைக்கு 60 லிட்டர் எதற்கு? இடம் இருந்தால் அம்மாக்கள் நிரப்பிவிடுவார்கள். ஒரு தடவை முழு ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன், கண்ணாடி பாட்டில். 40 லிட்டர் தாராளம், இடுப்பில் கட்டும் பட்டை இருக்க வேண்டும், மொத்தச் சுமை பிள்ளையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அண்ணனோ மாமாவோ கல்லூரிக்குக் கொண்டுபோன பை பரணில் கிடக்கும், இறக்குங்கள். மழையுறை இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். பைக்குள் ஒரு பெரிய கெட்டியான பாலித்தீன் உறையை விரித்து, அதற்குள் துணியைப் போட்டு, வாயை முறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையன் இந்த ஒன்றைச் செய்திருந்தால் மாற்றுத்துணி காய்ந்திருக்கும். உறையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலோடு மலைக்குப் போனால் பல இடங்களில் சோதனைச்சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்லீப்பிங் பேக்கை நடத்துகிறவர்களிடம் வாடகைக்குக் கேளுங்கள். வாங்கியே தீருவேன் என்றால், பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிகிரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தக் குளிர் வரை உயிர் மட்டும் பிழைக்கலாம் என்ற அளவைச் சிலர் அட்டையில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நிம்மதியாகத் தூங்கும் அளவு சின்ன எழுத்தில் தனியாக இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட் இருக்கிறதே, அதை இரண்டாக மடித்து விரித்தால் போதும். அம்மாவின் யோகா மேட்டும் ஆகும். டார்ச்சுக்கு, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற விவசாயிகள் தலையில் மாட்டும் லைட் ஊரில் எலெக்ட்ரிகல் கடையிலேயே கிடைக்கும். ஒரு விசில் கழுத்தில் தொங்கட்டும். வழி தவறினால் நிமிடத்துக்கு ஆறு தடவை ஊத வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு.

மிச்சமான காசையும் நேரத்தையும் நடத்துகிறவர்களைக் கேள்வி கேட்பதில் செலவழியுங்கள். எந்த இடம், யார் அனுமதி, எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள்? 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் "அனுமதியெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு வீசிங் இருந்தால், ராத்திரி படுக்கையை நனைக்கிற பழக்கம் இருந்தால், மாதவிலக்கு நாள் பக்கத்தில் இருந்தால், எங்களிடம் சொல்லிவிடுங்கள். கூட்டிப் போக மாட்டார்களோ என்று மறைக்காதீர்கள். இன்ஹேலரைப் பையின் அடியில் வைத்து அனுப்பி, எங்களுக்குத் தெரியாமல் போனால், விடியற்காலை மூன்று மணிக்கு நாங்கள் என்ன செய்வோம்? தெரிந்தால் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்யலாம், மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமலே.

அப்புறம், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால்நகத்தை நேராக வெட்டி அனுப்புங்கள். இறக்கத்தில் பெருவிரல் ஷூவில் இடித்து இடித்து, வீடு திரும்பும்போது நகம் கறுத்திருக்கும்.