காந்த ஏற்புத்திறன்: மூளையின் இரும்பை அளக்கும் ஸ்கேனில் வரும் ஒரு சொல்

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'சசெப்டிபிலிட்டி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அகராதியைப் புரட்டினால், 'நோய்க்கு எளிதில் ஆட்படும் தன்மை' என்ற பொருள்தான் முதலில் கண்ணில் படும். பார்க்கின்சன் நோய்க்காக அப்பாவையோ அம்மாவையோ ஸ்கேனுக்கு அழைத்துப்போன ஒருவர், மூளையின் ஒரு பகுதியில் சசெப்டிபிலிட்டி கூடியிருப்பதாக வரும் வரியை இந்தப் பொருளில் படித்தால் பயந்துபோவார். அந்த வரி சொல்லும் சேதி வேறு. ஸ்கேன் எந்திரத்தின் காந்தப்புலத்துக்குள் வந்ததும், மூளையின் அந்த இடத்தில் உள்ள பொருள் தானும் எவ்வளவு காந்தமாகிறது என்பதற்கான அளவு அது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல சொல் உண்டு: காந்த ஏற்புத்திறன்.

லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'காபெரே' என்றால் எடுப்பது, பற்றுவது. இரண்டும் சேர்ந்த 'சுஸ்கிபெரே' என்ற வினைச்சொல்லுக்குக் கீழிருந்து தாங்கி வாங்கிக்கொள்வது என்று பொருள். அதில் நோயும் இல்லை, பலவீனமும் இல்லை. ஆங்கிலத்துக்குப் போன பிறகு இந்தச் சொல் இரண்டு கிளையாகப் பிரிந்தது. மருத்துவத்தில் நோயை 'வாங்கிக்கொள்ளும்' உடலைக் குறித்து, பாதிப்புக்கு ஆளாகும் தன்மை என்று கெட்டிப்பட்டுவிட்டது. இயற்பியலில் பழைய பொருளே நிலைத்தது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1872இல் காந்தவியலுக்குள் இதைக் கொண்டுவந்தபோது, வெளியிலிருந்து வரும் காந்தப்புலத்தை ஒரு பொருள் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்ற அர்த்தத்தில்தான் பயன்படுத்தினார். கணக்காகச் சொன்னால், பொருளுக்குள் உண்டாகும் காந்தமாக்கத்தைப் புலத்தின் செறிவால் வகுத்தால் கிடைக்கும் எண். அதற்கு அலகு கிடையாது.

நம் பள்ளி இயற்பியல் பாடநூல்கள் இதை 'காந்த ஏற்புத்திறன்' என்கின்றன. 'ஏல்' என்ற வேரிலிருந்து வரும் ஏற்றல், ஏற்பு எல்லாம் வாங்கிக்கொள்வதையே குறிப்பதால், லத்தீன் மூலத்தோடு இது அப்படியே பொருந்துகிறது. சிலர் 'காந்த உணர்திறன்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கருவி எவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடிக்கிறது என்பதைச் சொல்லவும் உணர்திறன் என்ற சொல் வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே அறிக்கையில் வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார். 'காந்தம்' என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம். வடமொழியில் காந்தக்கல்லுக்கு அயஸ்காந்தம் என்று பெயர், இரும்புக்குப் பிரியமானது என்று அர்த்தம். தமிழுக்கு வந்தபோது அயஸ் என்ற இரும்பு உதிர்ந்து, பிரியம் மட்டும் மிஞ்சியது.

எல்லாப் பொருளும் காந்தத்தை ஒரே மாதிரி ஏற்பதில்லை. மைக்கேல் ஃபாரடே 1845இல் செய்த சோதனைகளில், நாம் காந்தத்தோடு தொடர்பே இல்லை என்று நினைக்கும் பொருள்களும் வலுவான காந்தத்துக்கு லேசாகவாவது அசைந்து கொடுப்பதைக் கண்டார். சில இழுபடும், சில விலகும். விலகுபவை டயா காந்தப் பொருள்கள், அவற்றின் ஏற்புத்திறன் மைனஸில் இருக்கும். நீர், கால்சியம் படிவுகள், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை எல்லாம் இந்தக் கூட்டம். நீருக்கு அது பத்து லட்சத்தில் மைனஸ் 9 பங்கு அளவில் இருக்கிறது. இழுபடுபவை பாரா காந்தப் பொருள்கள், ஏற்புத்திறன் பிளஸில் இருக்கும். மூளையில் சேரும் இரும்பு இந்தப் பக்கம் வருகிறது.

சரி, மூளையில் இரும்பு எப்படி வந்தது? அது அங்கே இருந்தே ஆக வேண்டும். நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் டோபமைன் என்ற பொருளைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும், மயலின் உறை உருவாகவும் வேண்டும். உடனடித் தேவைக்கு மேல் உள்ளதில் பெரும்பகுதி ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். ஒரு கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும். ஸ்வீடனைச் சேர்ந்த ஹால்கிரென், சோராண்டர் இருவரும் 1958இல், இறந்தவர்களின் மூளையில் பகுதி பகுதியாக இரும்பை அளந்து வெளியிட்டார்கள். குளோபஸ் பாலிடஸ் என்ற ஆழப்பகுதியில் 100 கிராம் திசுவுக்குச் சுமார் 21 மில்லிகிராம் இருந்தது. பார்க்கின்சன் நோயில் அடிபடும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில், அதாவது நடுமூளையின் கரும்பொருளில், சுமார் 18 மில்லிகிராம். இவை நரம்பு நோய் இல்லாதவர்களின் அளவுகள். பிறந்தபோது மிகக் குறைவாக இருந்து, இளம் வயதில் வேகமாக ஏறி, பிறகு வயதோடு மெல்லக் கூடுவதோ நிலைப்பதோ இயல்பு. அதனால் ஒருவரின் ஏற்புத்திறன் எண்ணை அதே வயதுக்காரர்களின் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இயல்பு மீறிக் கூடினால் சிக்கல். கட்டுக்குள் நில்லாத இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, செல்லைச் சிதைக்கும் தனி உறுப்புகளை, அதாவது 'ஃப்ரீ ராடிகல்' எனப்படும் வினைவேகம் மிக்க மூலக்கூறுகளை உண்டாக்கும். சில பரம்பரை நோய்களில் இந்தத் தேக்கம்தான் முதல் அடையாளம். அவற்றில் ஒன்றுக்கு ஹாலர்வோர்டன்-ஸ்பாட்ஸ் நோய் என்று பெயர் இருந்தது. 1922இல் அதை விவரித்த ஜெர்மானியர்கள் அவர்கள். நாஜிகள் ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் கொன்றபோது, கொல்லப்பட்டவர்களின் மூளைகளை வாங்கி ஆய்வு செய்தவர் ஹாலர்வோர்டன். அதனால் மருத்துவ உலகம் அந்தப் பெயரைக் கைவிட்டது. 2001இல் காரணமான மரபணு தெரியவந்த பிறகு, அதை ஒட்டிய பெயரே வழங்குகிறது. தமிழில் எழுதுபவர்களும் பழைய பெயரை விட்டுவிடுவதுதான் நியாயம்.

இப்போது அளவைக்கு வருவோம். 'குவான்டிடேட்டிவ் சசெப்டிபிலிட்டி மேப்பிங்', சுருக்கமாக க்யூ.எஸ்.எம்., என்று சொல்லப்படும் ஸ்கேன் முறைக்கு 'அளவறி காந்த ஏற்புத்திறன் வரைபடம்' என்ற பெயரை முன்வைக்கிறேன். வேதியியலில் பண்பறி பகுப்பாய்வு, அளவறி பகுப்பாய்வு என்று படித்தவர்களுக்கு 'அளவறி' புதிதாக இருக்காது. பழைய ஸ்கேன் முறைகளில் இரும்பு ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும், அவ்வளவுதான். கால்சியம் படிவும் பெரும்பாலும் அதே போலக் கறுப்பாகத் தெரியும். க்யூ.எஸ்.எம். படத்தில் இரும்பு பிளஸ், கால்சியம் மைனஸ் என்று எதிரெதிர்ப் பக்கம் பிரிந்துவிடும். இரும்பை விட்டுச்சென்ற பழைய ரத்தக் கசிவா, கால்சியமா என்று மருத்துவர் தடுமாற வேண்டியதில்லை.

ஆனால் எந்திரம் ஏற்புத்திறனை நேரடியாக அளப்பதில்லை. இரும்பு சேர்ந்த இடம் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். அந்தக் கலைவுதான் ஸ்கேன் சமிக்ஞையின் கட்டத்தில், அதாவது 'ஃபேஸ்' எனப்படும் அலைநிலையில், பதிவாகும். குளத்து அலையைப் பார்த்து, எங்கே எவ்வளவு பெரிய கல் விழுந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவது போன்ற வேலை இது. முதலில் மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகள் உண்டாக்கும் கலைவைக் கழிக்க வேண்டும். அப்புறம்தான் உண்மையான சிக்கல் தொடங்கும். எந்திரத்தின் காந்த அச்சுக்கு சுமார் 54.7 பாகைச் சாய்வில் உள்ள ஒரு கூம்பில் கணக்கு பூஜ்யத்தால் வகுக்கும் நிலைக்குப் போய்விடும், விடை ஒன்றாக நிற்காது. தலையைப் பல கோணங்களில் சாய்க்கச் சொல்லி மறுபடி மறுபடி படமெடுத்தால் இது தீரும். கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளியிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் ஒரே நிலையில் எடுத்த படத்தையும், திசுக்களின் உருவம் பற்றி ஏற்கெனவே தெரிந்த தகவலையும் சேர்த்து விடை காண்கிறார்கள். கிடைக்கும் எண்ணும் ஒப்பீட்டு எண்தான். மூளைத் தண்டுவட நீரையோ முழு மூளையின் சராசரியையோ பூஜ்யமாக வைத்துக்கொண்டு, நூறு கோடியில் இத்தனை பங்கு என்று குறிப்பார்கள். எதைப் பூஜ்யமாக வைத்தார்கள் என்று தெரியாமல் இரண்டு மருத்துவமனைகளின் எண்களை ஒப்பிடக் கூடாது.

அந்த எண் இரும்பைத்தான் காட்டுகிறதா? ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள் 2012இல், இறந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, அதே திசுவின் இரும்பை வேதிமுறையிலும் அளந்து ஒப்பிட்டார்கள். ஆழத்தில் உள்ள சாம்பல்நிறப் பகுதிகளில் இரண்டும் நன்றாகப் பொருந்தின. வெள்ளைநிறப் பகுதியில் அந்தப் பொருத்தம் பலவீனம். அங்கே மயலின் மைனஸ் பக்கம் இழுக்கிறது. மயலின் அழிந்தாலும் ஏற்புத்திறன் கூடியதாகவே தெரியும். ஆகவே 'ஏற்புத்திறன் கூடியது' என்பதை எல்லா இடத்திலும் 'இரும்பு கூடியது' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

இரும்பு கூடியது உறுதியான இடத்திலும் 'இரும்புச்சத்து' என்று எழுத வேண்டாம். சத்து என்றாலே நமக்குக் கீரையும் பேரீச்சையும் நினைவுக்கு வரும். மூளைக்குள் இரும்பு போவதை ரத்த-மூளைத் தடுப்பு தனியாகக் கட்டுப்படுத்துகிறது. ரத்தத்தில் இரும்பு குறைந்து சோகை பிடித்தவருக்கும் மூளையில் ஓரிடத்தில் இரும்பு கூடியிருக்கலாம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு முருங்கைக்கீரையை நிறுத்தும் வேலையை இந்த ஒரு சொல் செய்துவிடும். 'இரும்புத் தேக்கம்' என்பதே போதும்.

'இரும்பு நச்சு' என்று எழுதுவதும் அவசரம்தான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களின் உடலில் மிஞ்சும் இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தை, பார்க்கின்சன் புதிதாகக் கண்டறியப்பட்டு அதற்கான முக்கிய மருந்தான லெவோடோபாவை இன்னும் தொடங்காதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 372 பேர், 36 வாரம். 2022இல் முடிவு வெளிவந்தது. கரும்பொருளில் இரும்பு குறைந்தது ஸ்கேனில் தெரிந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களின் நோய் அறிகுறிகள், எடுக்காதவர்களைவிட மோசமாயின. டோபமைன் தயாரிக்கும் நொதிக்கு வேண்டிய இரும்பையும் மருந்து பறித்துவிட்டது என்பது இதற்குத் தரப்படும் ஒரு விளக்கம். 2024இல் வெளியான அல்சைமர் நோய் ஆய்விலும் இதே மருந்து நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஏற்புத்திறனைக் குறைத்தது. அங்கேயும் மருந்து எடுத்தவர்களின் அறிவாற்றல்தான் வேகமாகச் சரிந்தது.